ஜோர்ஜியன் குடாவில் முதல் படகு வாரம்: திட்டமிடுவது எப்படி

ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடினால் போர்ட் செவர்ன் வரும். அங்கிருந்து தொடங்குகிறது ஜோர்ஜியன் குடா. ஹியூரன் ஏரியின் கிழக்குப் பகுதி இது. நீளம் ஏறத்தாழ 190 கிலோமீற்றர், அகலம் 80. கிழக்குக் கரை நெடுக இளஞ்சிவப்புப் பாறைத் தீவுகள். முப்பதாயிரம் தீவுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகிலேயே மிகப் பெரிய நன்னீர்த் தீவுக்கூட்டம் இதுதான். குடும்பமாக ஒரு வாரம் படகில் போய்வர ஒன்ராறியோவில் இதைவிட அழகான இடம் இல்லை. ஆனால் "ஏரிதானே" என்ற நினைப்போடு வந்தால் இந்த ஏரி விடாது.

கடல் பழகியவர்கள்கூட முதலில் ஏமாறுவது அலையில்தான். பெருங்கடல் அலை நீளமாக வந்து படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். இங்கே காற்று ஓடிவரும் தூரம் குறைவு என்பதால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, மூன்று நான்கு விநாடிக்கு ஒன்றாக வரும். ஒன்றில் ஏறி இறங்குமுன் அடுத்தது முகப்பில் அறையும். ஒரு மீற்றர் அலையே 7 மீற்றர் படகில் இருப்பவர்களை நடுங்க வைத்துவிடும். கோடையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். ஈழத்துக் கரையில் கச்சான் என்போமே, அந்தத் திசைதான். அது 80 கிலோமீற்றர் திறந்த நீரைத் தாண்டி நேரே தீவுகள் இருக்கும் கரையில் மோதுகிறது. அங்குள்ள பைன் மரங்கள் கிழக்குப் பக்கம் சாய்ந்தே வளர்ந்திருப்பது அதனால்தான்.

ஆகவே திட்டத்தைத் தூரத்தை வைத்துப் போடாதீர்கள், காற்றை வைத்துப் போடுங்கள். கீழே வரும் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

எந்த மாதம், எத்தனை நாள்

ஜூலை நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை. மே, ஜூனில் கறுப்பு ஈயும் நுளம்பும் பிடுங்கும். அதைவிட முக்கியம், ஜூனில் நீர் இன்னும் கடுங்குளிர். குளிர்நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்றொரு கணக்குச் சொல்வார்கள்: முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கு வராது, அடுத்த 10 நிமிடத்துக்குள் கைகால் வேலை செய்யாமல் போகும், ஏறத்தாழ 1 மணி நேரத்தில் உடற்சூடு இறங்கி நினைவு தப்பும். நன்றாக நீந்துபவர் மூழ்குவதும் அந்த முதல் நிமிடத்தில்தான். லைஃப் ஜாக்கெட் அதற்காக.

ஓகஸ்ட் முதல் திங்கள் விடுமுறையோடு சேரும் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல நங்கூரமிடம் எல்லாம் வெள்ளிக்கிழமை மதியமே நிறைந்துவிடும்.

ஏழு நாள் எடுத்தால் நான்கு நாளை மட்டும் பயணத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு நாள் படகைப் பழக, இரண்டு நாள் காற்றுக்காகக் காத்திருக்க. காத்திருக்கும் நாள் வீண் என்று நினைப்பவர்கள்தான் ஆறாம் நாள், படகைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில், போகக்கூடாத காற்றில் வெளியே போகிறார்கள்.

அட்டையும் படகும்

மோட்டார் உள்ள படகை ஓட்டக் கனடாவில் தகுதிச் சான்று வேண்டும். வழக்கமான வழி, இன்பப் படகு ஓட்டுநர் அட்டை. இணையத்தில் படித்து, 50 கேள்விகளில் 75 விழுக்காடு எடுத்தால் கிடைக்கும், ஆயுளுக்கும் செல்லும். அட்டை இல்லாதவருக்கு வாடகை நிறுவனம் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை விளக்கிக் கையெழுத்து வாங்கும். அது அந்த வாடகைக் காலத்துக்குச் செல்லும். சட்டத்துக்கு அது போதும், ஜோர்ஜியன் குடாவுக்குப் போதாது. வீட்டில் இரண்டு பேராவது குளிர்காலத்திலேயே அட்டை எடுத்துவிடுங்கள். ஓட்டுபவருக்குக் காய்ச்சல் வந்தால் படகைக் கொண்டுவர இன்னொருவர் வேண்டும். பிள்ளைகளுக்கு: 12 வயதுக்குக் கீழே 10 குதிரைச்சக்திக்கு மேலும், 12 முதல் 16 வயதுக்குள் 40க்கு மேலும், பெரியவர் கூட இல்லாமல் ஓட்டக்கூடாது.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை உள்ள 7 முதல் 9 மீற்றர் படகு நான்கு பேருக்குப் போதும். "ஆறு பேர் தூங்கலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நான்கு பேர் வசதியாகத் தூங்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு எடை என்று வாடகைத்தாளில் எழுதியிருப்பதை மீற வேண்டாம். எங்கள் குடும்பங்களில் "சின்னப்பிள்ளைதானே, மடியில் இருக்கட்டும்" என்று ஒன்பதாவது ஆளை ஏற்றுவது வழக்கம். காரில் போல படகில் அது நடக்காது. பாரம் கூடினால் படகு தாழ்ந்து பின்பக்கம் வழியாக அலை உள்ளே வரும். ஐஸ் பெட்டி, தண்ணீர், பெற்றோல் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வாடகை எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பாறையில் பட்டு புரொப்பெல்லர் உடைந்தால் யார் செலவு? உதிரிப் புரொப்பெல்லர் படகில் இருக்கிறதா? எந்த எல்லைக்கு அப்பால் போனால் காப்புறுதி செல்லாது? கிளம்புமுன் புரொப்பெல்லரின் ஒவ்வொரு இதழையும் கிட்டப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே படம்.

வழி

முதல் தடவைக்கு ஹனி ஹார்பரிலோ மிட்லண்டிலோ தொடங்கி, தீவுகளின் உள்வழியாக வடக்கே சான் சூசி வரை போய்த் திரும்புங்கள். மிதவைகளால் குறிக்கப்பட்ட சிறுபடகு வழி ஒன்று போர்ட் செவர்னிலிருந்து பாரி சவுண்ட் வரையும், அதற்கு அப்பால் கில்லார்னி வரையும் போகிறது. போர்ட் செவர்னிலிருந்து பாரி சவுண்ட் நேர்கோட்டில் 65 கிலோமீற்றர் அளவு. பாறைகளுக்கிடையே வளைந்து போகும் வழி அதைவிட நன்றாகவே நீளம். பாரி சவுண்டைக் காற்று இடம்கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம். கில்லார்னியை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். அதற்குப் போகும் வழியில் தீவுகளின் மறைவு இல்லாத திறந்த நீர் இருக்கிறது.

முதல் இரவு போசொலே தீவில். ஜோர்ஜியன் குடாத் தீவுகள் தேசியப் பூங்காவின் பெரிய தீவு அது. ஹனி ஹார்பரிலிருந்து கிட்டத்தான். மாலை மூன்று மணிக்குப் படகைக் கையில் வாங்கினாலும் வெளிச்சத்திலேயே போய்க் கட்டலாம். இரண்டாம் நாளும் அங்கேயே நின்று, காற்றில்லாத நேரத்தில் கட்டுவதையும் அவிழ்ப்பதையும் பத்துத் தடவை பழகுங்கள். மூன்றாம் நாள் கோ ஹோம் பே பக்கம், நான்காம் நாள் சான் சூசி. அதன் அருகே மசசாகா மாகாணப் பூங்கா. அங்கே படகில் மட்டுமே போக முடியும். மாகாணப் பூங்காக்களுக்கு 5 மாதங்களுக்கு முன்பே பதிவு திறக்கும். ஜூலைக்கு வேண்டுமென்றால் பெப்ரவரியில் தேடுங்கள்.

வரைபடம் பார்ப்பது

இதில் மட்டும் சோம்பல் கூடாது. கனடிய நீர்வரைவியல் சேவையின் 2202 எண் வரைபடம் போர்ட் செவர்னிலிருந்து பாரி சவுண்ட் வரையிலான சிறுபடகு வழியைக் காட்டும். கைபேசிச் செயலியும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாளில் ஒன்று கட்டாயம் வேண்டும். செயலியில் திரையைச் சுருக்கினால் சிறு பாறைகளின் குறி மறைந்துவிடும். விரித்துப் பார்க்காமல் ஓட்டி, வரைபடத்தில் தெளிவாகக் குறித்திருக்கும் பாறையிலேயே ஏறுவது இங்கே மிகச் சாதாரணமான விபத்து.

முதலில் ஓரத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: ஆழம் அடியிலா, மீற்றரிலா, ஃபாதத்திலா? ஒரு ஃபாதம் 6 அடி, அதாவது 1.83 மீற்றர். அடுத்தது நீர்மட்டம். இந்த ஏரிகளில் சொல்லும்படியான ஏற்றவற்றம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மட்டம் மாறும். மிச்சிகன்-ஹியூரன் ஏரி 1986 ஒக்ரோபரில் கடல்மட்டத்துக்கு மேல் 177.50 மீற்றரில் நின்றது. 2013 ஜனவரியில் 175.57க்கு இறங்கியது. ஏறத்தாழ இரண்டு மீற்றர் வேறுபாடு! ஓர் ஆண்டு மேலே படகோடிய பாறை இன்னோர் ஆண்டு தலையைக் காட்டும்.

வரைபடத்திலுள்ள ஆழமெல்லாம் 176.0 மீற்றர் என்ற அடிமட்டத்திலிருந்து எழுதப்பட்டவை. கணக்கு இப்படி: இந்த வார நீர்மட்டம் 176.4 என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் 1.2 மீற்றர் என்று இருக்கும் இடத்தில் உண்மையில் 1.6 மீற்றர் நீர். உங்கள் படகு மோட்டாரை இறக்கிய நிலையில் 1 மீற்றர் ஆழம் கேட்டால், அடியில் 60 சென்டிமீற்றர் மிஞ்சும். அலையில் படகு இறங்கும் அளவையும் கழித்தால் அதுவும் மிஞ்சாது. மட்டம் 176க்குக் கீழே இருந்தால் கூட்டாமல் கழிக்க வேண்டும். வாராந்த நீர்மட்டம் இணையத்தில் கிடைக்கும். புறப்படுமுன் பார்த்து, வரைபடத்தின் மூலையில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

மிதவைகள்: மேல்நோக்கி, அதாவது நீரோட்டத்துக்கு எதிராகப் போகும்போது சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். சிக்கல் என்னவென்றால், தீவுகளுக்கிடையே எது மேல்நோக்கு என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது. பக்கவாய்க்கால் ஒன்றில் திரும்பியதும் நிறத்தின் பக்கம் மாறிவிடலாம். ஆகவே ஒவ்வொரு காலையும், அன்றைக்குக் கடக்கப்போகும் மிதவைகளை வரிசையாகத் தாளில் எழுதுங்கள்: எண், நிறம், எந்தப் பக்கம் விடுவது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அந்தத் தாளைப் பிடித்து வாய்விட்டுச் சொல்ல, தாண்டியதைக் கோடிட வேண்டும். அடுத்த மிதவை கண்ணில் படவில்லையென்றால் வேகத்தை அடியோடு குறைத்து நில்லுங்கள். தேடிக்கொண்டே ஓட்டக்கூடாது.

வெயில் முன்னாலிருந்து அடிக்கும்போது நீருக்குள் பாறை தெரியாது. பின்னால் வெயில் இருந்தால் பாறை பழுப்பாக, மஞ்சளாகத் தெரியும். புதிய இடத்துக்குள் நுழையும் நேரத்தை இதைப் பார்த்தும் முடிவு செய்யலாம்.

பெற்றோல்

200 குதிரைச்சக்தி மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு 75 லீற்றர் அளவு குடிக்கும். நடு வேகத்தில் அதில் பாதி. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. எந்த மரீனாவில் (படகுத்துறையில்) பெற்றோல் உண்டு, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று முன்பே தொலைபேசியில் கேளுங்கள். சாலைவிலையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

நிரப்பும்போது எல்லோரும் இறங்க வேண்டும், அடுப்பு அணைய வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். படகின் உள்ளே பொருத்திய மோட்டார் என்றால் முடுக்குமுன் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விடுங்கள். சமையல் வாயுவும் அப்படியே கீழே இறங்கும். சமைத்து முடித்ததும் குழாயை உருளையிலேயே மூடுங்கள்.

படகில் இருக்க வேண்டியவை

6 முதல் 9 மீற்றர் படகுக்குச் சட்டம் கேட்பவை: ஆளுக்கொரு கனடா அங்கீகாரம் பெற்ற லைஃப் ஜாக்கெட், 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு அல்லது மிதவை வளையம், நீரிலிருந்து ஏற ஏணி, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிறோடு நங்கூரம், நீர் இறைக்கும் வாளி அல்லது கைப்பம்பு, தீயணைப்பான், நீர்புகாத டோர்ச், 6 அபாயத் தீச்சுடர்கள், ஒலியெழுப்பும் கருவி, விளக்குகள், திசைகாட்டி. வாடகைப் படகில் எல்லாம் இருக்கும் என்று நம்பிவிடாமல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். தீச்சுடருக்கு ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 4 ஆண்டு. குழலில் திகதி அச்சிட்டிருக்கும்.

பிள்ளையின் ஜாக்கெட்டைப் பூட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். காதுக்கு மேலே ஏறினால் அது பெரியது. "அடுத்த வருசமும் போடட்டும்" என்று ஓரளவு பெரிதாக வாங்கியது நீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

தீவுகளுக்கிடையே கைபேசி பல இடங்களில் எடுக்காது. பேசவும் கேட்கவும் கூடிய வி.எச்.எஃப். வானொலி வேண்டும், அதை இயக்கத் தனிச் சான்றிதழ் உண்டு. அபாய அழைப்பு 16ஆம் அலைவரிசையில். "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். இதை ஒரு அட்டையில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எந்த நேரத்துக்குப் பிறகும் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதைக் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் குடிநீர். ஏரிநீரை அப்படியே குடிக்க வேண்டாம். கட்டி ஐஸ், தூள் ஐஸைவிட நெடுநேரம் நிற்கும். குடிக்கும் சோடாவுக்கு ஒரு பெட்டி, இறைச்சி மீனுக்கு வேறு பெட்டி. நூறு தடவை திறக்கும் பெட்டியில் இறைச்சி தாங்காது. மின்சாரச் சோற்றுச்சட்டி படகு மின்கலத்தில் ஓடாது. சிறிய பிரஷர் குக்கர் எடுத்துப் போங்கள். பயண நாளுக்குப் புளிச்சாதமும் இடியப்பமும் காலையிலேயே கட்டி வைத்துவிட்டால், படகு ஆடும்போது யாரும் அடுப்பை மூட்ட வேண்டியதில்லை.

மது விடயத்தில் ஒன்ராறியோச் சட்டம் கண்டிப்பானது: நிரந்தரப் படுக்கை, சமையல், கழிப்பறை வசதி உள்ள படகில், அதுவும் நங்கூரமிட்டோ கட்டியோ நிற்கும்போது மட்டும்தான். கழிப்பறைத் தொட்டியை ஏரியில் திறப்பது குற்றம். மரீனாவில் உறிஞ்சி எடுப்பார்கள். நாலைந்து பேருக்கு மூன்று நாளில் நிறைந்துவிடலாம்.

ஒவ்வொரு காலையும்

ஆறு மணிக்கு வானிலை. ஜோர்ஜியன் குடாவுக்கென்று தனியாகக் கடல்சார் முன்னறிவிப்பு வரும். வானொலியின் வானிலை அலைவரிசையில் இடைவிடாமல் ஓடும். காற்று நொட்டில் சொல்வார்கள். 10 நொட் ஏறத்தாழ மணிக்கு 18 கிலோமீற்றர். சொல்லப்படும் அலை உயரம், உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. இடையில் ஒன்றிரண்டு அதைப்போல் இரு மடங்கு வரும்.

புதியவருக்குச் சொல்லக்கூடிய அளவுகோல்: 10 நொட் வரை போகலாம். மேற்கிலிருந்து 15 என்றால் தீவுகளின் உள்ளே மட்டும். 20க்கு எச்சரிக்கை வெளியிடுவார்கள். அன்று கட்டியே கிடக்க வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் ஏழு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் அடுத்த இடத்தில் நிற்பது நல்லது. மேற்கே மேகம் கறுத்து, காற்று திடீரென்று நின்று, குளிர்ந்தால் இடிமழை நெருங்கிவிட்டது. எல்லோருக்கும் ஜாக்கெட் போட்டு, பக்கத்துத் தீவின் மறைவுக்குப் போங்கள்.

வழியில் மோட்டார் வெப்பமுள் ஏறினால் பெரும்பாலும் நீர் உள்ளிழுக்கும் துவாரத்தைப் பாசி அடைத்திருக்கும். நிறுத்தி, மோட்டாரை உயர்த்தி, கையால் எடுங்கள். படகு நடுங்கினால் புரொப்பெல்லர் வளைந்திருக்கும். மெதுவாக ஓட்டினால் கரை சேரலாம். பாறையில் அடித்தால் முதல் வேலை அடித்தட்டைத் திறந்து நீர் ஏறுகிறதா என்று பார்ப்பது. பின்வாங்குவது அதற்குப் பிறகு.

நங்கூரம் பிடிப்பது

இரவில் படகு நகர்ந்து பாறையில் போய் முட்டுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், கயிறு போதாமை. நீரின் ஆழத்தோடு முகப்பின் உயரத்தையும் கூட்டி, ஏழால் பெருக்குங்கள். 4 மீற்றர் ஆழம், 1 மீற்றர் முகப்பு: 35 மீற்றர் கயிறு. சட்டம் கேட்கும் 15 மீற்றர் இதற்குக் காணாது. கயிறு குட்டையாக இருந்தால் அது நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும். நீளமாக இருந்தால் தரையோடு இழுக்கும், நங்கூரத்தின் கூர்முனையான கொழு மண்ணில் இறங்கும். இடையில் 3 முதல் 5 மீற்றர் சங்கிலி இருந்தால் இன்னும் நன்று.

செய்முறை: காற்றுக்கு எதிரே முகப்பை வைத்து நிறுத்துங்கள். நங்கூரத்தை எறியாமல் கைவிட்டுக் கைவிட்டு இறக்குங்கள். படகு பின்னே நகரும்போது கயிறு விடுங்கள். முழுவதும் விட்டதும் கட்டி, மெதுவாகப் பின்கியரில் இழுங்கள். அப்போது கயிற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள்: பிடித்திருந்தால் கயிறு இறுகி அசையாமல் நிற்கும், இழுபட்டால் தடதடவென்று துடிப்பது கையில் தெரியும். துடித்தால் எடுத்து மறுபடி போடுங்கள். கொழுவில் பாசிக்கொத்து சுற்றியிருக்கும். கழுவாமல் போட்டால் மறுபடியும் வழுக்கும். வெறும் பாறைத்தட்டில் எந்த நங்கூரமும் நிற்காது. விரிகுடாவின் உட்புறத்தில் சேறு இருக்கும், அங்கே போடுங்கள். பின்பக்கத்தை ஒரு கயிற்றால் கரைமரத்தோடு கட்டினால் படகு சுழலாது. பிறகு கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து அந்தக் கோடு கலைந்திருந்தால் நகர்கிறீர்கள்.

குளியலும் கரையும்

மின்சாரம் உள்ள மரீனாத் துறையில் யாரும் குளிக்கக்கூடாது. நன்னீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. மனித உடல் அதைவிட நன்றாகக் கடத்தும். ஏதாவது ஒரு படகிலிருந்து கசியும் மின்சாரம் நீந்துபவரின் உடல் வழியே பாய்ந்து தசையை முடக்கிவிடும். உப்புக்கடலில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. நங்கூரமிட்ட இடத்தில் குளியுங்கள். மோட்டாரை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகு. மோட்டார் ஓடும்போது பின்தட்டில் உட்கார்ந்தால் கார்பன் மொனொக்சைட்டு மணமில்லாமல் மயக்கும்.

தீவில் நடக்கும்போது மூடிய சப்பாத்து வேண்டும். ஒன்ராறியோவின் ஒரே நச்சுப்பாம்பான மசசாகா கிலுகிலுப்பைப் பாம்பு இங்கே வாழ்கிறது. மிதிபடாவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். கிலுகிலுப்பு கேட்டால் நின்று, எங்கே என்று பார்த்து, விலகுங்கள். கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து, உதவி அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்புகள் பாதுகாக்கப்பட்டவை, அடிக்கக்கூடாது. மீன் பிடிக்க 18 முதல் 64 வயது வரையுள்ளவருக்கு உரிமம் வேண்டும்.

துறையில் கட்டும்போது முடிந்தவரை காற்றை எதிர்த்து வாருங்கள். படகைக் காற்றே நிறுத்திக் கொடுக்கும். மிதவைத் தலையணைகளைத் துறையின் உயரத்துக்கு முன்பே தொங்கவிடுங்கள். நடந்துபோகும் வேகத்தைவிடக் குறைவாக வாருங்கள். இடிக்கப்போகிறது என்று தெரிந்தாலும் யாரும் காலை நீட்டக்கூடாது. மூன்று தொன் படகை எலும்பு நிறுத்தாது.

திரும்பும்போது

வாடகைப் படகைக் கடைசி நாளுக்கு முந்திய மாலையே தொடங்கிய துறைக்கு அருகே கொண்டுவந்துவிடுங்கள். சொந்தப் படகை இழுத்துவந்தவர்களுக்கு ஒரு வேலை மிச்சம். 2022 முதல் ஒன்ராறியோவில் படகைச் சாலையில் கொண்டுபோகுமுன் ஒட்டியிருக்கும் செடி, பாசி, சிப்பிகளை அகற்ற வேண்டும், வடிபிளக்குகளைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும் என்பது சட்டம்; வரிக்குதிரைச் சிப்பி ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இப்படித்தான். துறைச்சரிவில் மேட்டுப்பக்கம் நிறுத்தி, டிரெய்லரின் சக்கர இடுக்கையும் கையால் தடவிப் பாருங்கள். கழற்றிய பிளக்கைப் படகின் சாவியோடு சேர்த்துக் கட்டுங்கள். அடுத்த முறை படகை நீரில் இறக்கும்போது மறக்காமல் கையில் தட்டுப்படும்.